மாலை யார் கழுத்தில்? – பீட் மராவிச்சின் கதை

விடுதி மெஸ்ஸில் உட்கார்ந்து நாம் நடத்திய பட்டிமன்றங்களுக்குக் கணக்கே கிடையாது. வருஷா வருஷம் வரும் தலைப்பு ஒன்று: சிறந்த மாணவர் விருது யாருக்கு? மார்க் வாங்கினவனுக்கா, கப் வாங்கினவனுக்கா, இல்லை எல்லோரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனவனுக்கா? அமெரிக்கக் கல்லூரிகளிலும் இதே சண்டை உண்டு. அங்கே அது கூடைப்பந்தைச் சுற்றி நடக்கும். அந்தச் சண்டைக்கே இலக்கணமாக நிற்கும் ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையை இந்த மலரில் சொல்ல ஆசைப்படுகிறேன். பெயர் பீட் மராவிச். 1988ல் மறைந்தவர்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். அங்கே பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு லீக் அமைத்துக்கொள்ளும். அதற்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர் (மாநாடு இல்லீங்க!). தென்கிழக்கு மாநிலங்களின் லீக்குக்கு எஸ்.இ.சி. என்று பெயர். அப்போது அதில் 10 அணிகள். சீசன் முடிந்ததும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 1968, 1969, 1970 மூன்று வருஷமும் அந்த விருது மராவிச்சுக்குத்தான்.

1947 ஜூன் 22 அன்று பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற எஃகு ஆலை ஊரில் பிறந்தவர். அப்பா பிரெஸ் மராவிச் கூடைப்பந்துப் பயிற்சியாளர். தான் கற்றதையெல்லாம் மகனுக்குள் இறக்கிவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டவர். அவர் காரை மெதுவாக ஓட்ட, பையன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ரோட்டில் பந்தைத் தட்டிக்கொண்டே வருவானாம். இடுப்புக்குப் பக்கத்திலிருந்து துப்பாக்கி எடுப்பதுபோல் பந்தை எறிந்ததால் பிஸ்டல் பீட் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. தொளதொள சாக்ஸ், நீள முடி, முதுகுக்குப் பின்னால் பாஸ். பார்த்தால் விளையாட்டுப் பிள்ளை. ஆனால் அத்தனையும் பயிற்சியில் வந்தது.

1966ல் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம் அப்பாவைப் பயிற்சியாளராக அழைத்தது. மகனும் அங்கேயே சேர்ந்தார். அந்த ஊருக்குக் கால்பந்துதான் உயிர் (அவர்களுடைய கால்பந்து). கூடைப்பந்து ஆடிய அரங்கம் கால்நடைக் கண்காட்சிக்கும் பயன்பட்டது. முதலாம் ஆண்டு மாணவர்கள் சீனியர் அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. அதனால் மராவிச் ஒரு வருஷம் ஜூனியர் அணியிலேயே இருந்தார். அந்த வருஷம் சீனியர் அணி 3 ஆட்டம் ஜெயித்து 23 ஆட்டம் தோற்றது. இந்த 3 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்று சீசனில் அவர் ஆடியது 83 ஆட்டம். எடுத்தது 3,667 புள்ளி. ஆட்டத்துக்குச் சராசரி 44.2. அடேங்கப்பா! மூன்று புள்ளிக் கோடு என்பதே கல்லூரி ஆட்டத்தில் இல்லாத காலம் அது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். 2023ல் டெட்ராய்ட் மெர்சியின் அன்டோய்ன் டேவிஸ் 144 ஆட்டம் ஆடி 3,664 வரை வந்தார். மூன்று புள்ளி குறைந்துவிட்டது.

அப்புறம் விவாதம் எங்கே என்கிறீர்களா? இருக்கிறது. அந்த மூன்று வருஷமும் எஸ்.இ.சி. பட்டம் வென்றது கென்டக்கி. அந்த அணியின் தூண் டேன் இஸ்ஸல். 1970 சீசனில் அவர் சராசரி 33.9. ரீபவுண்டும் ஆட்டத்துக்கு 13 எடுத்தார். 1970 பிப்ரவரி 21 அன்று இருவரும் மோதினார்கள். மராவிச் 64, இஸ்ஸல் 51. ஆனால் ஜெயித்தது கென்டக்கி, 121க்கு 105. மராவிச் ஆடிய காலத்தில் அவர் அணி கென்டக்கியை ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. தேசியச் சாம்பியன் போட்டியான என்.சி.ஏ.ஏ. தொடருக்கும் ஒருமுறைகூடப் போகவில்லை.

இஸ்ஸல் கட்சி கேட்கும் கேள்வி நியாயமானது. ஒரு ஆட்டத்தில் சராசரி 38 முறை கூடையைக் குறிவைத்தால் யாருக்குத்தான் புள்ளி சேராது? அதுவும் பயிற்சியாளர் அப்பாவாக இருந்தால்? மொத்தம் 3,166 முயற்சியில் விழுந்தது 1,387. நூற்றுக்கு 44கூட இல்லை. ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் ஜெயிக்கிற அணியின் முதல்வனுக்கு மாலை போடாமல், தோற்கிற அணியின் ராஜாவுக்குப் போடுவதா?

பொறியாளன் புத்தி எனக்கு. ஒரு பாகத்தின் மதிப்பு தெரியணும்னா, அது இல்லாதபோது எந்திரம் எப்படி ஓடியது, இருக்கும்போது எப்படி ஓடியது என்று பார்ப்பேன். அவர் இல்லாத வருஷம் 3 வெற்றி. வந்த பிறகு 14, 13, 22. மற்ற ஆட்டக்காரர்களும் மாறினார்கள், எல்லாப் பெருமையும் ஒருவருக்கே போகாது என்பது உண்மை. ஆனாலும் 1970ல் அந்த அணி 22 ஆட்டம் ஜெயித்து, நியூயார்க்கில் நடந்த என்.ஐ.டி. போட்டியின் அரையிறுதி வரை போனதை எப்படி ஒதுக்குவது? கென்டக்கிக்கு வெற்றி அதற்கு முன்பே பழக்கம். ஆகவே என் ஓட்டு மராவிச்சுக்கே. இஸ்ஸலுக்குப் போட்டவரோடும் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஆனால் அந்த ஓட்டுச்சீட்டில் எண்ண முடியாத ஒன்று அதே மைதானங்களில் நடந்துகொண்டிருந்தது. மராவிச் ஆடிய அதே மூன்று சீசனில் வாண்டர்பில்ட் அணிக்கு ஆடியவர் பெர்ரி வாலஸ். எஸ்.இ.சி. கூடைப்பந்தில் சீனியர் அணிக்கு ஆடிய முதல் கறுப்பின மாணவர். வெளியூர் அரங்குகளில் வசவையும் மிரட்டலையும் தாங்கிக்கொண்டு ஆடினார், கூடவே எஞ்சினியரிங் பட்டமும் வாங்கினார். பின்னாளில் சட்டப் பேராசிரியர் ஆனார். 10 அணிகளின் கதவு கறுப்பின மாணவர்களுக்குப் பெரும்பாலும் சாத்தியிருந்த லீக்கில் சிறந்தவர் யார் என்ற கேள்வியே பாதிக் கேள்விதான். இது மராவிச்சின் குற்றமல்ல. ஆனால் விருதுப் பட்டியலைப் படிக்கும்போது யாருக்கு ஆடவே இடம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்கணும்.

தொழில்முறை ஆட்டத்தில் மராவிச் 10 சீசன் இருந்தார். 1977ல் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 68 புள்ளி. அந்த சீசனில் என்.பி.ஏ.விலேயே அதிகச் சராசரி அவருடையது. ஆனால் ஏங்கியது சாம்பியன் பட்டத்துக்கு. கடைசியாக பாஸ்டன் செல்டிக்ஸில் ஆடி 1980ல் ஓய்வு பெற்றார். 1981ல் பாஸ்டன் சாம்பியன்! விதியைப் பாருங்கள். குடிப்பழக்கத்தோடும் வெறுமையோடும் போராடி, கடைசியில் மதநம்பிக்கையில் அமைதி கண்டார். 1987ல் கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது. அதே வருஷம் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

1988 ஜனவரி 5. கலிபோர்னியாவின் பாஸடீனாவில் ஒரு தேவாலய அரங்கில் நண்பர்களோடு சும்மா ஆடிக்கொண்டிருந்தவர் சுருண்டு விழுந்தார். வயது 40. பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது: பிறவியிலேயே அவர் இதயத்துக்கு இடது கரோனரி தமனி இல்லை. அந்த இதயத்தோடு எப்படி இத்தனை வருஷம் ஓடினார் என்று மருத்துவர்களே திகைத்தார்கள்.

3,667 புள்ளியையும் எண்ணினவர்கள் இதை எண்ணவில்லை, எண்ணவும் முடிந்திருக்காது. இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்ல வருவதும் இதுதான். விருது யாருக்கு என்று தாராளமாக விவாதியுங்கள், கணக்கைக் காட்டி விவாதியுங்கள். ஆனால் விருது என்பது எண்ணக்கூடியதற்கு நாம் போடும் மாலை. எண்ணாமல் விட்டது எதிர் அணியில் இருக்கலாம், கதவுக்கு வெளியே நிற்கலாம், மாலை வாங்கியவரின் நெஞ்சுக்குள்ளேயேகூட இருக்கலாம்.