கார்ல் சீக்லர்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கருநாடக மாநிலத்தை அடுத்து அமைந்திருப்பது கிருஷ்ணகிரி மாவட்டம். அதன் தொழில் நகரமாகிய ஓசூர், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மேட்டு நிலத்தில் உள்ளது. அங்கு ஒருபால் ஆலைகளின் ஓசை கேட்கும்; மற்றொருபால் ரோசாத் தோட்டங்களும் தக்காளிக் கொல்லைகளும் மாந்தோப்புகளும் கண்ணுக்கு விருந்தாகும். தென்பெண்ணையாறு அம்மாவட்டத்தின் வழியே ஓடினும், மேட்டுக் கொல்லைகள் பல வானத்தை நம்பியே வாழ்கின்றன. சில நாட்களே பெய்யும் மழையை ஒரு குட்டையில் தேக்கினாலும், நீரில் பெரும்பகுதியை மண் உறிஞ்சிவிடுகிறது. ஆகவே, உழவர் பலர் பண்ணைக்குட்டையின் அடியிலும் கரையிலும் கருநிற விரிப்பொன்றைப் பரப்புகின்றனர். அவ்விரிப்பின் கனம் அரை மில்லிமீட்டரே. ஆயினும், அது நீரை ஒரு துளியும் மண்ணுக்குள் இறங்க விடுவதில்லை. அதன் பெயர் உயரடர்த்திப் பாலிஎத்திலீன் என்பதாகும். அப்பொருளை எளிய முறையில் ஆக்கும் வழியை உலகிற்குக் காட்டியவர் கார்ல் சீக்லர் என்னும் ஜெர்மானிய அறிஞர்.

சீக்லர் 1898ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள், ஜெர்மனியில் காசல் நகரை அடுத்த ஹெல்சா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஒரு கிறித்தவச் சமயப் போதகர். இளமையில் கிடைத்த பௌதிகப் பாடநூல் ஒன்று சீக்லரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அது முதல் அவர் தம் வீட்டிலேயே சோதனைகள் செய்து பழகினார்; பள்ளிப் பாடத்தின் எல்லையைக் கடந்து பல நூல்களைக் கற்றார். மார்பர்க் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தபோது, அவருடைய புலமையைக் கண்டு, முதலிரு பருவங்களைப் பயிலாமலே மேற்செல்ல இசைவளித்தனர். 1918இல் அவர் போர்முனைக்குச் செல்ல நேர்ந்ததால் படிப்புத் தடைப்பட்டது. ஆயினும் அவர் தளரவில்லை. திரும்பி வந்து, 1920இல் தம் இருபத்திரண்டாம் வயது நிறைவதற்கு முன்னரே ஆய்வுப் பட்டம் பெற்றார்.

அதன்பின் ஹைடல்பர்க், ஹாலே ஆகிய நகரங்களில் அவர் பேராசிரியராகப் பணியாற்றினார். 1943ஆம் ஆண்டில், மியூல்ஹைம் நகரில் இருந்த நிலக்கரி ஆய்வு நிலையத்தின் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது. பதவி பெரிது. ஆனால் சீக்லர் உடனே இசைந்துவிடவில்லை. நிலக்கரியைப் பற்றி மட்டுமே ஆராய வேண்டும் என்னும் கட்டுப்பாடு தமக்கு இருத்தலாகாது என்றும், வேதியியலில் தாம் விரும்பிய துறையில் ஆராய முழு உரிமை வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். நிலையத்தார் அதனை ஏற்றுக்கொண்ட பின்னரே அவர் அப்பொறுப்பை மேற்கொண்டார். இவ்வுரிமையே பின்னாளில் பெரும்பயனை விளைவித்தது.

பாலிஎத்திலீன் என்பது எத்திலீன் என்னும் வாயுவிலிருந்து ஆக்கப்படுவது. மாங்காய் பழுக்கும்போது அதிலிருந்து இயற்கையாக வெளிப்படும் வாயுவும் இதுவே. இவ்வாயுவின் நுண்ணிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியானால், வாயு திண்பொருளாகிவிடும். 1933ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நாட்டு ஆய்வாளர் இருவர் இதனைக் கண்டறிந்தனர். ஆனால், அவர்தம் முறைக்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கிற்கும் மேற்பட்ட அழுத்தம் தேவைப்பட்டது. அதனைத் தாங்கும் கனத்த எஃகுக் கலன்களும் வேண்டியிருந்தன. அவ்வாறு கிடைத்த பொருளும் மென்மையாகவே இருந்தது.

சீக்லர் பாலிஎத்திலீனைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். அவர் அலுமினியம் கலந்த கரிமச் சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அச்சேர்மங்களோடு எத்திலீன் வினைபுரிந்தால் சிறுசிறு சங்கிலிகள் வளர்வதை அவர் கண்டார். 1950களின் தொடக்கத்தில், அவருடைய மாணவர் ஹோல்ட்ஸ்காம்ப் என்பவர் இச்சோதனையைச் செய்தபோது வியப்பான ஒன்று நிகழ்ந்தது. சங்கிலி வளரவில்லை, இரண்டே எத்திலீன் மூலக்கூறுகள் இணைந்த அளவில் வினை நின்றுவிட்டது. பிறராயின், சோதனை பிழைபட்டது என்று கருதி அதனைப் புறக்கணித்திருப்பர். சீக்லர் அவ்வாறு செய்யவில்லை. என்றும் நிகழாதது இன்று ஏன் நிகழ்ந்தது என்னும் வினாவிற்கு விடை காணாமல் மேற்செல்வதில்லை என அவர் உறுதி கொண்டார். ஆசிரியரும் மாணவரும் கலனையும் பொருள்களையும் நுணுகி ஆராய்ந்தனர். இறுதியில் உண்மை வெளிப்பட்டது. எஃகுக் கலனின் உட்புறத்தில் ஒட்டியிருந்த மிகச் சிறிதளவு நிக்கல் உலோகமே சங்கிலியின் வளர்ச்சியைத் தடுத்திருந்தது.

இதனைக் கண்ட சீக்லர் மேலும் சிந்தித்தார். ஓர் உலோகத்தின் சிறு துகள் வினையைத் தடுக்கக்கூடுமாயின், மற்றோர் உலோகம் அதனை விரைவுபடுத்தவும் கூடுமன்றோ? உடனே அவருடைய மாணவர்கள் உலோகங்களை ஒவ்வொன்றாக எடுத்து முறையாகச் சோதிக்கத் தொடங்கினர். சில உலோகங்கள் நிக்கலைப்போலவே தடை செய்தன; சில வாளா இருந்தன. 1953ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பிரைல் என்னும் மாணவர் சிர்க்கோனியம் கலந்த பொருளைச் சேர்த்துப் பார்த்தார். கலனைத் திறந்தபோது, அதனுள் வெண்ணிறப் பாலிஎத்திலீன் திரண்டிருந்தது. அடுத்த சில நாட்களில் மார்ட்டின் என்னும் உதவியாளர் டைட்டானியம் சேர்மத்தைக் கொண்டு சோதனை செய்தார். உயர் அழுத்தம் தேவைப்படவில்லை; எஃகுக் கலனும் தேவைப்படவில்லை. பழங்களைப் பதப்படுத்தி வைக்கும் கண்ணாடிச் சாடி போன்ற எளிய கலத்திலேயே பாலிஎத்திலீன் விளைந்தது.

புதிய முறையில் கிடைத்த பொருள் பழையதினும் உறுதி மிக்கது. அதன் காரணத்தை ஓர் உவமையால் விளக்கலாம். கிளை பல உடைய முட்செடிகளை வெட்டிக் குவித்தால் இடையிடையே வெற்றிடம் மிகும். நேரான மூங்கிற் கழிகளை அடுக்கிக் கட்டினால் அவை நெருங்கி நிற்கும். பழைய பாலிஎத்திலீனின் சங்கிலிகள் முட்செடிகளை ஒத்தவை. சீக்லரின் பாலிஎத்திலீன் சங்கிலிகள் மூங்கிற் கழிகளை ஒத்தவை. நெருக்கத்தால் அடர்த்தி மிகுந்தது. அடர்த்தியால் உறுதி மிகுந்தது. எனினும் அது நீரினும் இலேசானது. நீரில் மிதக்க வல்லது. அரை மில்லிமீட்டர் கனமுள்ள தாளில் ஒரு சதுர மீட்டரின் எடை அரைக் கிலோகிராமிற்கும் குறைவே. நீர் அதனுள் புகாது. அமிலமும் காரமும் அதனை எளிதில் அரிப்பதில்லை. ஏறத்தாழ 130 பாகை வெப்பத்தில் அது உருகும். ஆதலால் இரு தாள்களின் விளிம்புகளைச் சூடாக்கி அழுத்தி ஒன்றாக ஒட்டிவிடலாம். கடும் வெயில் மட்டும் அதற்குப் பகை. அப்பகையை வெல்லவே சிறிதளவு கரித்தூளை அதனோடு கலக்கின்றனர். பண்ணைக்குட்டை விரிப்பின் கருநிறத்திற்குக் காரணம் இதுவே.

ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்க நாட்டிலும் ஆய்வாளர் இருவர் வேறொரு வழியில் இவ்வகைப் பாலிஎத்திலீனை ஆக்கினர். இத்தாலி நாட்டு அறிஞர் நாட்டா என்பவர் சீக்லரின் வழியைப் பின்பற்றி, 1954இல் பாலிபுரோப்பிலீன் என்னும் மற்றொரு பொருளை ஆக்கிக் காட்டினார். 1963ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு சீக்லருக்கும் நாட்டாவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. காப்புரிமையால் சீக்லருக்குப் பெருஞ்செல்வம் குவிந்தது. அச்செல்வத்தை அவர் தமக்கென்றே பூட்டி வைக்கவில்லை. தம் எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டி, தம்மை வளர்த்த ஆய்வு நிலையத்திற்குப் பெரும்பொருளை வழங்கினார். தாமும் தம் மனைவியாரும் விரும்பித் தொகுத்த ஓவியங்கள் மியூல்ஹைம் நகர மக்கள் கண்டு மகிழவும் வழி செய்தார். வானியலிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. 1972இல் சூரிய கிரகணத்தைக் காண்பதற்காகக் கப்பலில் சென்றபோது அவர் நோயுற்றார். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்த பின்னரும் அவருடைய கண்டுபிடிப்பு உலகெங்கும் பரவியது. குடிநீர்க் குழாய்களாகவும், பீப்பாய்களாகவும், எண்ணெய்க் கலன்களாகவும் அது பயன்படுகிறது. தொழில் வளரும் ஊர்களில், நச்சுக் கழிவுநீர் நிலத்தடி நீரோடு கலவாதபடி தேக்கக் குழிகளின் அடியிலும் இத்தாளையே விரிக்கின்றனர். ஆலையும் கொல்லையும் அருகருகே உள்ள ஓசூர் போன்ற பகுதிகளில் இப்பாதுகாப்பு எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. உழவரின் குட்டைக்கு நீரைக் காப்பதும், அவருடைய கிணற்றை நஞ்சினின்று காப்பதும் ஒரே பொருள்தான்.

எனினும், மாணவர்களே, இப்பொருளின் சிறப்பிலேயே ஒரு தீங்கும் மறைந்திருக்கிறது. அது எளிதில் மட்காது. குட்டையில் பல்லாண்டு உழைக்கும்போது நன்மையாக விளங்கும் அப்பண்பே, ஒரு நாழிகை பயன்படுத்தி வீதியில் எறியும் மெல்லிய பைகளில் பெருங்கேடாக மாறுகிறது. அப்பைகள் கால்வாயை அடைக்கின்றன; மேயும் ஆவின் வயிற்றில் சேர்ந்து அதன் உயிருக்கே உலை வைக்கின்றன. ஆதலால் தமிழ்நாட்டு அரசு, ஒரு முறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்குப் பொருள்கள் பலவற்றை 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. நீண்ட காலம் உழைக்கும் பொருளை நீண்ட காலப் பணிக்கே பயன்படுத்த வேண்டும். உழைத்துத் தேய்ந்தபின் எரிக்காமலும் எறியாமலும் உருக்கி மறுபடி பயன்படுத்துவதற்கு அளித்திட வேண்டும். இவ்வறிவு இல்லையேல், அறிஞர் ஈந்த நன்கொடை நமக்கே சுமையாகிவிடும்.

சீக்லருடைய வெற்றிக்கு வித்திட்டது ஒரு தோல்வியே. எண்ணியவாறு முடியாத ஒரு சோதனையை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. அதன் காரணத்தைப் பொறுமையோடு தேடினார். மாணவர் கூறிய செய்தியையும் சிறிதெனத் தள்ளாமல் செவிமடுத்தார். கலனின் சுவரில் ஒட்டியிருந்த சிறு துகளே பெரிய கதவைத் திறக்கும் திறவுகோலாயிற்று. நாம் செய்யும் கணக்கிலோ சோதனையிலோ எதிர்பாராத விடை வருமாயின், அதனை அழித்துவிட விரையாமல், அது ஏன் வந்தது என்று ஆராய வேண்டும். அவ்வாறு ஆராயும் மனம் வாய்த்தவர்க்குப் பிழையும் ஆசிரியராகும்.