தந்திக்காரர்களின் கைவலிக்கு ஒரு கருவி

கணினி முன் உட்கார்ந்து மணிக்கட்டு வலிக்குப் பட்டி கட்டிக்கொள்பவர்கள் நம் குடியிருப்பிலும் உண்டு. இதே வலி நூறு வருடங்களுக்கு முன் தந்தி அலுவலகங்களில் பலரின் பிழைப்பையே கெடுத்தது. அதற்கு வழி கண்டவர் ஹோரேஸ் ஜி. மார்ட்டின் என்ற அமெரிக்கர்.

மார்ட்டினே தந்தி வேலை அறிந்தவர். அந்நாளில் தந்திக் கருவியை மேலும் கீழுமாகத் தட்ட வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தட்டு. அமெரிக்க மோர்ஸில் 'பி' என்ற ஒரே எழுத்துக்கு ஐந்து புள்ளி, ஆறு என்ற எண்ணுக்கு ஆறு புள்ளி! நாள் முழுவதும் இப்படித் தட்டினால் கை என்ன ஆகும்? விரல் சொன்னபடி கேட்காது. அமெரிக்கத் தந்திக்காரர்கள் இதைக் 'கண்ணாடிக் கை' என்றார்கள். இங்கிலாந்தில் 1908-ல் இதை நஷ்டஈடு பெறத்தக்க தொழில்நோயாகவே சேர்த்துவிட்டார்கள்.

மார்ட்டின் முதலில் செய்தது 'ஆட்டோபிளெக்ஸ்'. 1903-ல் காப்புரிமை கிடைத்தது. மின்காந்தம் தானாகவே புள்ளிகளைப் போடும். ஆனால் அதற்குத் தனியாக பேட்டரி வேண்டும். அலுவலகத்துக்கு அலுவலகம் தூக்கிக்கொண்டு போவது யாருக்கு முடியும்?

அடுத்த வருடமே மின்சாரத்தை விட்டுவிட்டு வெறும் ஸ்பிரிங்கை நம்பினார். 1904-ல் காப்புரிமை பெற்ற இதுதான் 'வைப்ரோபிளெக்ஸ்'. கட்டை விரலால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால் எடை கோத்த ஒரு கம்பி அதிரும். விரலை எடுக்கும் வரை புள்ளிகள் விழுந்துகொண்டே இருக்கும். எடையை நகர்த்தி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கோடுகளை மட்டும் ஆள்காட்டி விரலால் நாமே போட வேண்டும். பாதி தானியங்கி, பாதி கைவேலை. என்னைக் கேட்டால் அந்தப் பாதியில் நிறுத்தியதுதான் கெட்டிக்காரத்தனம். பழுதாக அதில் அதிகம் எதுவும் இல்லை.

தந்திக்காரர்கள் சொந்தக் காசு போட்டு வாங்கி, பெட்டியில் வைத்து வேலைக்கு எடுத்துப் போனார்கள். 'பக்', அதாவது வண்டு என்பது செல்லப்பெயர். பலர் பார்த்துச் செய்து விற்கவே, காப்புரிமைத் தகராறுகளும் வந்தன. விற்பனையை எடுத்து நடத்தியவர் நியூயார்க்கில் டைப்ரைட்டர் வியாபாரம் செய்த ஜே. இ. ஆல்பிரைட். நாளடைவில் கம்பெனியும் அவர் கைக்குப் போனது. மார்ட்டினின் பெயர் காப்புரிமைத் தாள்களோடு நின்றுபோனது.

தந்தி போய்விட்டாலும், அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்காக அந்த வண்டு இன்றும் விற்பனையாகிறது.