கடலில் காலத்தைக் காத்த தச்சர் ஜான் ஹாரிசன்

இங்கிலாந்து நாட்டின் யார்க்‌ஷயர் பகுதியில் ஃபோல்பி என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1693ஆம் ஆண்டில் தச்சர் ஒருவரின் மகனாக ஜான் ஹாரிசன் பிறந்தார். அவர் சிறுவராய் இருந்தபோதே குடும்பத்தார் லிங்கன்‌ஷயரிலுள்ள பாரோ என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். தந்தையிடம் தச்சுத் தொழில் கற்றார். ஊர்த் தேவாலயத்தில் பாடகர் குழுவைப் பயிற்றினார். கடிகாரத் தொழிலை எந்த ஆசானிடமும் முறையாகப் பயின்றவர் அல்லர். பாதிரியார் ஒருவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாண்டர்சனின் விரிவுரைகள் அடங்கிய கையெழுத்துப் படி ஒன்றை அவருக்கு இரவலாகத் தந்தார். அதனை முதலிலிருந்து இறுதிவரை படங்களோடு தம் கையாலேயே எழுதிக்கொண்டார் ஹாரிசன். பார்த்தெழுதுதலைத் தண்டனையாகக் கருதும் நம் மாணவச் செல்வங்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக!

இருபது வயது நிரம்பும் வேளையில், 1713ஆம் ஆண்டில், அவர் தம் முதல் கடிகாரத்தைச் செய்து முடித்தார். அதன் பற்சக்கரங்கள் ஓக் மரத்தால் ஆனவை. தச்சருக்குக் கைவந்த பொருள் மரமன்றோ! பற்கள் ஒடியாதிருக்கும் பொருட்டு, மரத்தின் இழை ஒவ்வொரு பல்லின் நீளத்திலும் செல்லுமாறு துண்டு துண்டாக இணைத்தார். பின்னர் புரோக்கில்ஸ்பி மாளிகைக்கென 1722ஆம் ஆண்டளவில் ஒரு கடிகாரம் செய்தபோது, தானே எண்ணெய்ப் பசை உடைய லிக்னம் வைட்டே என்னும் வன்மரத்தை உராயும் இடங்களில் பொருத்தினார். எண்ணெய் இடாமலே அக்கடிகாரம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றது.

அடுத்து அவர் பித்தளையை நாடினார். ஊசலின் தண்டு வெப்பத்தில் நீளும், குளிரில் சுருங்கும். தண்டு நீண்டால் கடிகாரம் பின்தங்கும், சுருங்கினால் முந்தும். பித்தளையோ எஃகைக் காட்டிலும் மிகுதியாக நீளும் இயல்புடையது. ஹாரிசன் இவ்விரு உலோகங்களாலான ஒன்பது கம்பிகளை மாறி மாறி நிறுத்தி, எஃகு கீழ்நோக்கி நீளும் அளவிற்குப் பித்தளை மேல்நோக்கி நீளுமாறு பிணைத்தார். ஊசலின் நீளம் மாறாது நின்றது. இப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் தம்பி ஜேம்ஸ் ஆவார். சகோதரர் இருவரும் 1725 முதல் 1728 வரை செய்த கடிகாரங்கள் திங்களுக்கு ஒரு நொடிக்கு மேல் பிழைபடவில்லை.

ஒரு நொடிப் பிழையைச் சிற்றூரில் இருந்துகொண்டு எவ்வாறு கண்டறிந்தார்? தம் வீட்டுச் சன்னல் சட்டத்தின் ஓரத்திலிருந்து நோக்கி, விண்மீன் ஒன்று அண்டை வீட்டுப் புகைபோக்கியின் பின்னே மறையும் கணத்தை இரவுதோறும் குறித்தார். அது முந்தைய இரவினும் 3 நிமிடம் 56 நொடி முன்னதாக மறைதல் வேண்டும். கடிகாரம் அதனோடு ஒத்துப் போகின்றதா என்று பார்த்தார். வானமே அவருக்கு ஆசிரியராயிற்று.

இனி, அந்நாளில் உலகையே வருத்திய ஒரு சிக்கலைக் கூறுதல் வேண்டும். கடலில் செல்லும் மாலுமி சூரியனின் உயரத்தைக் கொண்டு அட்சரேகையை அறியலாம். தீர்க்கரேகையை அறிய வழியில்லை. 1707ஆம் ஆண்டில் சில்லித் தீவுகளின் பாறைகளில் நான்கு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மோதின. தாம் எங்கிருக்கின்றோம் என்பதை அறியாமலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். 1714ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் கணிக்கும் வழி கண்டவருக்கு 20,000 பவுன் பரிசு என அறிவித்தது.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கின்றது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கிரீனிச்சில் விடியற்காலை ஐந்தேகால் மணி அளவே ஆகியிருக்கும். எனவே புறப்பட்ட துறையின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருப்பின், நண்பகலில் அதனைப் பார்த்த அளவிலேயே மாலுமி தன் இருப்பிடத்தை அறியலாம். ஆனால் அலையில் ஆடும் கப்பலில் ஊசல் பயன்படுமா? வெப்பமும் குளிரும் ஈரமும் பொறியைக் கெடுக்குமே! நியூட்டன் போன்ற பேரறிஞரும் இத்தகைய கடிகாரம் செய்தல் மிக அரிது என்றே கருதினார்.

ஹாரிசன் 1730ஆம் ஆண்டில் வரைபடங்களோடு இலண்டனுக்குச் சென்றார். வானநூலார் ஹாலி அவரைப் புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் கிரகாமிடம் அனுப்பினார். இருவரும் காலையில் பேசத் தொடங்கி இரவுவரை பேசினர். கிரகாம் வட்டியின்றிப் பணம் கொடுத்து உதவினார். பாரோவுக்குத் திரும்பிய ஹாரிசன் ஐந்தாண்டுகள் உழைத்து, 1735ஆம் ஆண்டில் தம் முதல் கடற்கடிகாரத்தை முடித்தார். சக்கரங்கள் இன்னும் மரமே; சட்டமும் பிறவும் பித்தளை. எடை 34 கிலோ. ஊசலுக்கு மாற்றாக ஒன்றோடொன்று பிணைந்து எதிரெதிராக ஆடும் இரண்டு கோல்களை அமைத்தார். கப்பலின் ஆட்டம் ஒன்றினை முடுக்கினால் மற்றொன்றினைத் தடுக்கும். ஆகவே மொத்தத்தில் மாறுதல் இராது. 1736ஆம் ஆண்டில் அது லிஸ்பனுக்குக் கப்பலேறியது. திரும்பும் வழியில் தெரிந்த நிலமுனையை மாலுமிகள் வேறொன்றாகக் கருதினர். ஹாரிசன் அது லிசார்டு முனை என்றார். அவர் கூறியதே சரியாயிற்று. கப்பலார் கணக்கில் ஏறத்தாழ 60 மைல் பிழை இருந்தது.

அடுத்து அவர் செய்ததை நாம் வியப்புடன் நோக்குகின்றோம். 1737ஆம் ஆண்டில் தீர்க்கரேகைக் குழுவின்முன் நின்ற அவர், பரிசுக்குரிய சோதனையைக் கோரவில்லை. தம் கடிகாரத்தின் குறைகளைத் தாமே எடுத்துரைத்து, இதனினும் சிறந்ததொன்று செய்யப் பொருளுதவி வேண்டினார். இரண்டாவது கடிகாரத்தையும் கப்பல் திரும்பும் வேகம் பாதிக்கும் எனக் கண்டு, கடற்சோதனைக்கு அனுப்பாமல் ஒதுக்கினார். மூன்றாவது 19 ஆண்டுகளை விழுங்கிற்று. எழுநூறுக்கும் மேற்பட்ட உறுப்புகளைக் கொண்டது. இவ்வளவு காலம் தேவைதானா என்று கேட்பாரும் உளர். நமக்கும் அவ்வையம் எழுவதுண்டு. எனினும் பித்தளையையும் எஃகையும் ஒட்டி அவர் அதற்கெனச் செய்த ஈருலோகப் பட்டை இன்றும் இஸ்திரிப்பெட்டியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்துகின்றது.

இறுதியில் வழி வேறிடத்தில் திறந்தது. தம் சொந்தப் பயனுக்கென வடிவமைத்துச் செய்வித்த பைக்கடிகாரம் ஒன்று எதிர்பாராத அளவு நன்கு ஓடுவதைக் கண்டார். விரைந்து துடிக்கும் சிறு சக்கரத்தைக் கப்பலின் ஆட்டம் எளிதில் கெடுக்காது என்று உணர்ந்தார். தம் பெரும்பொறிகளின் கொள்கையை விட்டு, 1759ஆம் ஆண்டில் 13 செண்டிமீட்டர் அகலமே உள்ள நான்காம் கடிகாரத்தை முடித்தார். அப்போது அவருக்கு வயது 66.

1761ஆம் ஆண்டு நவம்பரில் மகன் வில்லியம் அதனுடன் ஜமைக்காவுக்குப் புறப்பட்டார். 81 நாள்களுக்குப் பின் அதன் பிழை 5.1 நொடியே. குழுவினரோ அது தற்செயலாக நேர்ந்திருக்கலாம் என்றனர். 1764ஆம் ஆண்டில் பார்படோஸ் தீவுக்கு மீண்டும் ஒரு சோதனை; 47 நாள்களில் பிழை 39.2 நொடி. பரிசுக்கு வேண்டிய எல்லையோ இரண்டு நிமிடம்! அப்போதும் முழுப்பரிசு தரவில்லை. கடிகாரத்தைக் கழற்றி அறிஞர் அறுவருக்கு விளக்கிய பின்னரே பாதித் தொகை கிட்டியது. எஞ்சிய பாதிக்கு மேலும் இரண்டு கடிகாரங்கள் செய்ய வேண்டும் என்றனர். பார்த்துச் செய்ய நான்காம் கடிகாரத்தையும் கொடுக்கவில்லை. 1766ஆம் ஆண்டில் அரச வானநூலார் மாஸ்கலைன் வந்து மற்ற மூன்றையும் எடுத்துச் சென்றார். அப்பொழுது முதற்கடிகாரம் கீழே விழுந்தது.

மாஸ்கலைனைத் தீயவர் என்று நாம் கூறமாட்டோம். நிலவின் இயக்கத்தைக் கொண்டு தீர்க்கரேகை கணிக்க அவர் வளர்த்த முறை மாலுமிகளுக்கு நெடுங்காலம் பயன்பட்டது. எனினும் பந்தயத்தில் ஓடுபவரையே நடுவராக்குதல் முறையாகுமா?

முதுமையும் கண்பார்வைக் குறைவும் வாட்ட, மகனுடன் சேர்ந்து ஐந்தாவது கடிகாரத்தையும் ஹாரிசன் செய்து முடித்தார். 1772ஆம் ஆண்டில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தம் சொந்த வானாய்வுக் கூடத்தில் பத்து வாரம் அதனைச் சோதித்தார். பிழை நாளொன்றுக்கு ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்கே. மன்னர் அவர் பக்கம் நின்றார். 1773ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் 8,750 பவுன் வழங்கியது. அறிவித்த பரிசினைப் பரிசென்னும் பெயரால் குழு எவருக்கும் அளிக்கவேயில்லை. நான்காம் கடிகாரத்தைப் பார்த்துக் கெண்டால் என்பவர் செய்த கடிகாரத்துடன் கேப்டன் குக் உலகைச் சுற்றி 1775ஆம் ஆண்டில் திரும்பினார். அதனைப் பெரிதும் பாராட்டினார். மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹாரிசன் தம் 83ஆம் வயதில் இலண்டன் இல்லத்தில் காலமானார்.

அவருடைய கடிகாரங்கள் நூற்றாண்டுக்கு மேல் கவனிப்பாரின்றிக் களிம்பேறிக் கிடந்தன. 1920ஆம் ஆண்டு முதல் ரூபர்ட் கூல்டு என்னும் கடற்படை அதிகாரி, ஊதியம் பெறாது பல்லாண்டு உழைத்து அவற்றைச் சீராக்கினார். முதல் மூன்றும் இன்று கிரீனிச் வானாய்வுக் கூடத்தில் ஓடுவதைக் காணலாம்.

இறுதியாக ஒரு செய்தி. ஹாரிசன் 1775ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். தம் முறைப்படி செய்த ஊசற்கடிகாரம் நூறு நாள்களில் ஒரு நொடிக்கு மேல் பிழைபடாது என அதில் எழுதினார். முதுமையின் உளறல் என்று அதனை எள்ளி நகையாடினர். மார்ட்டின் பர்கெஸ் என்னும் ஆங்கிலக் கைவினைஞர் 1970களில் அம்முறையைப் பின்பற்றி ஒரு கடிகாரத்தைச் செய்யத் தொடங்கினார். பின்னர் பிறரால் நிறைவுற்ற அக்கடிகாரத்தைக் கிரீனிச்சில் முத்திரையிட்ட பெட்டிக்குள் வைத்து நூறு நாள்கள் ஓடவிட்டனர். 2015ஆம் ஆண்டில் சோதனை முடிந்தபோது, அதன் பிழை ஒரு நொடியின் எட்டில் ஐந்து பங்காக இருந்தது.