எம். பி. சீனிவாசன்

எம். பி. சீனிவாசன் (செப்டம்பர் 19, 1925 - மார்ச் 9, 1988) தமிழ், மலையாளத் திரைப்பட இசையமைப்பாளர், சேர்ந்திசைப் பயிற்றுநர். முழுப்பெயர் மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன். எம். பி. எஸ். என்று பரவலாக அறியப்பட்டார். தனிப்பாடகரையே முதன்மைப்படுத்தி வந்த தென்னிந்திய இசைச் சூழலில் பலகுரல் சேர்ந்திசையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர்.

வாழ்க்கைச் சுருக்கம்

அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற காலத்தில் மாணவர் இயக்கத்திலும் பொதுவுடைமை இயக்கத்திலும் ஈடுபட்டார். பின்னர் தில்லியில் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலனின் செயலாளராகப் பணிபுரிந்தார். விடுதலைப் போராட்ட வீரர் சைபுதீன் கிச்சுலுவின் மகள் சாகிதாவை மணந்தார். மதம் கடந்த இத்திருமணம் அக்காலத்தில் அரிதான ஒன்றாகும்.

திரைப்பட இசை

நிமாய் கோஷ் இயக்கி 1960 இல் வெளிவந்த பாதை தெரியுது பார் தமிழில் இவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது. தொழிலாளர் வாழ்வைச் சொன்ன இப்படத்திற்கு எழுத்தாளர் ஜெயகாந்தனும் பாடல் எழுதினார். படம் வணிக வெற்றி பெறவில்லை, பாடல்கள் நிலைத்தன. ஆயினும் தமிழில் இவர் இசையமைத்த படங்கள் சிலவே. மதன மாளிகை (1976) அவற்றுள் ஒன்று.

மலையாளத்திலேயே மிகுதியாகப் பணியாற்றினார். கே. ஜே. யேசுதாஸ் தமது முதல் திரைப்பாடலை இவரது இசையில், கால்பாடுகள் என்னும் படத்திற்காக 1961 இல் பாடினார். கவிஞர் ஓ. என். வி. குறுப்புடன் இணைந்து உருவாக்கிய உள்கடல் (1979) படப்பாடல்கள் புகழ்பெற்றவை. அடூர் கோபாலகிருஷ்ணனின் எலிப்பத்தாயம் (1981), கே. ஜி. ஜார்ஜின் யவனிகா (1982) ஆகியவற்றுக்கும் இசையமைத்தார். சிறந்த இசையமைப்பாளருக்கான கேரள அரசின் விருதைப் பலமுறை பெற்றார்.

தொழிற்சங்கப் பணி

பாடலின் புகழ் பாடகருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர, வாத்தியக் கலைஞர்கள் பெயர் தெரியாமல் இருந்தனர். அவர்களது ஊதியமும் உறுதியற்றிருந்தது. அவர்களை ஒன்றுதிரட்டித் திரையிசைக் கலைஞர் சங்கத்தை உருவாக்கியதில் இவருக்குப் பெரும் பங்குண்டு.

சேர்ந்திசை

1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை (மெட்ராஸ் யூத் கொயர்) நிறுவினார். பாரதியார் பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் இக்குழு பாடியது. பாடுவோரில் பெரும்பாலோர் தொழில்முறைப் பாடகர் அல்லர்.

நம் இசை மரபில் பலர் சேர்ந்து பாடுவது புதிதன்று. பஜனையில் அனைவரும் ஒரே மெட்டையே பாடுவர். சேர்ந்திசையிலோ ஒவ்வொரு பிரிவினரும் வெவ்வேறு சுர வரிசைகளை ஒரே நேரத்தில் பாட வேண்டும். இந்திய மெட்டின் சாயல் கெடாமல் இதைச் செய்வது எளிதன்று. ஒருவர் குரல் மேலோங்கினாலும் இசைவு குலையும். தன் குரலை அடக்கி அடுத்தவர் குரலைக் கேட்கப் பழகுவதே இதன் முதற் பாடம். சங்கத்தில் இவர் வலியுறுத்திய ஒற்றுமையே இங்கு இசைப் பயிற்சியாயிற்று.

மறைவு

1988 ஆம் ஆண்டு மார்ச்சு 9 அன்று, சேர்ந்திசைப் பயிற்சி அளிப்பதற்காகச் சென்றிருந்த இலட்சத்தீவில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 62. திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் எம். பி. எஸ். யூத் கொயர் என்னும் குழு உருவானது. சென்னைக் குழுவும் அவரது மறைவுக்குப் பின் தொடர்ந்து பாடியது.