சொந்தக் குழுவின் ஊருக்குள் நுழைய முடியாத ஆட்டக்காரர்

ஒரு கம்பெனியில் வேலை. சம்பளம் போதவில்லை. அதே ஊரில் இன்னொரு கம்பெனி கூடுதலாகத் தருகிறது. அங்கே போய்ச் சேர்ந்தால், பழைய முதலாளி கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கி விடுகிறார். என்ன செய்வது?

அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் வீரருக்கு இப்படித்தான் நடந்தது. அவர் பெயர் நெப்போலியன் லாஜவே. ரசிகர்கள் செல்லமாக 'நாப்' என்றார்கள்.

பஞ்சாலைச் சிறுவன்

ரோட் ஐலண்டு மாநிலத்தில் வூன்சாக்கெட் என்ற ஆலை நகரில் 1874-ம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் கனடாவில் இருந்து வந்து குடியேறியவர்கள். சிறு வயதிலேயே தந்தை இறந்து விட்டார். பள்ளிக்கூடத்தை விட்டு பஞ்சாலை வேலைக்குப் போனார். பிறகு குதிரை வண்டி ஓட்டினார்.

பேஸ்பாலும் கிரிக்கெட் போல மட்டையால் பந்தை அடித்து ஓடும் ஆட்டம்தான். அதில் அவர் கெட்டிக்காரர். 1896-ல் பிலடெல்பியா நகரின் 'பில்லீஸ்' குழுவில் இடம் கிடைத்தது.

சம்பளத்துக்கு உச்சவரம்பு

அப்போது குழு முதலாளிகள் ஒன்று கூடி, எந்த ஆட்டக்காரருக்கும் ஆண்டுக்கு 2,400 டாலருக்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டியிருந்தார்கள். ஒப்பந்தமும் ஒருதலையானது. முதலாளி 10 நாள் நோட்டீசில் ஆட்டக்காரரை வீட்டுக்கு அனுப்பலாம். ஆட்டக்காரரோ தன் விருப்பப்படி வேறு குழுவுக்குப் போக முடியாது.

1901-ல் அமெரிக்கன் லீக் என்ற போட்டி அமைப்பு வலுவாகத் தலையெடுத்தது. பிலடெல்பியாவிலேயே 'அத்லெட்டிக்ஸ்' என்ற புதிய குழு உருவானது. அதன் மானேஜர் கானி மாக், கூடுதல் சம்பளம் தருவதாக அழைத்தார். லாஜவே போய்ச் சேர்ந்தார்.

அந்த ஆண்டு அவருடைய அடி சராசரி 1,000 வாய்ப்புக்கு 426. 300 எடுத்தாலே நல்ல ஆட்டக்காரர் என்பார்கள். அமெரிக்கன் லீக்கில் இன்று வரை அதை யாரும் முறியடிக்கவில்லை.

கோர்ட்டுத் தீர்ப்பு

பில்லீஸ் முதலாளிகள் வழக்குப் போட்டனர். கீழ்க்கோர்ட்டு தடை விதிக்க மறுத்தது. ஆனால் 1902 ஏப்ரலில் பென்சில்வேனியா மாநில சுப்ரீம் கோர்ட்டு, அவருடைய திறமைக்கு மாற்று ஆள் கிடைப்பது கடினம் என்று கூறி, பழைய குழுவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. திறமையே அவருக்கு விலங்காகி விட்டது!

தடை அந்த மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். எனவே கானி மாக் அவரை கிளீவ்லாண்டு குழுவுக்கு அனுப்பினார். கிளீவ்லாண்டு குழு பிலடெல்பியாவில் ஆடப் போனால், லாஜவே மட்டும் பக்கத்து மாநிலத்தில் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் காத்திருப்பார். 1903-ல் இரு லீக்குகளும் சமாதானமான பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது.

கிளீவ்லாண்டு மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். குழுவுக்கே 'நாப்ஸ்' என்று அவர் பெயரை வைத்தார்கள்.

கைக்கு எட்டாத பட்டம்

ஆனால் அவர் ஆடிய காலத்தில் கிளீவ்லாண்டு ஒரு முறை கூட லீக் பட்டம் வாங்கவில்லை. அவரை இழந்த அத்லெட்டிக்சோ, 1902 முதல் 1914 வரை 6 முறை பட்டம் வென்றது. 1915-ல், 40 வயதில், மீண்டும் அங்கே வந்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அத்லெட்டிக்சுக்குக் கடைசி இடம்தான்! அத்துடன் பெரிய லீக் ஆட்டத்தில் இருந்து விலகினார்.

1937-ல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானார். 1959-ல் தமது 84-வது வயதில் காலமானார்.

ஆட்டக்காரர்களைக் கட்டிப்போட்ட அந்த ஒப்பந்த விதி உடைந்தது 1975-ல்தான். அதைப் பார்க்க லாஜவே இல்லை.