பதிவேட்டில் சலவையாளர், பாசறையில் செவிலியர்: சூசி கிங் டெய்லரின் வாழ்க்கை

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வளர்ந்தவர்களுக்குப் படைக் குடியிருப்பு புதிதன்று. பூந்தமல்லி ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் படைகள் தங்கிய ஊர். ஆவடி இன்றும் பெரிய படைத்தளம். படைகள் இருந்த இடங்களிலெல்லாம் துணி வெளுக்கவும் சமைக்கவும் கழிவகற்றவும் நோயாளிகளைச் சுமக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். இந்தியாவில் அவ்வேலைகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரின் தலையிலேயே விழுந்தன. தளபதிகளின் வரலாறு நூல்களாயிற்று; வேலைக்காரர்களின் வரலாறோ பதிவேட்டின் ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அத்தகைய ஒற்றைச் சொல்லாகப் பதியப்பட்ட ஒரு கறுப்பினப் பெண், அச்சொல்லை மீறித் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். அவர் பெயர் சூசி கிங் டெய்லர்.

1848ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தின் லிபர்ட்டி கவுண்டியில் அடிமைப் பெற்றோருக்கு அவர் பிறந்தார். அதே ஆண்டில்தான் புனேயில் சாவித்திரிபாயும் ஜோதிராவ் புலேயும் பெண்களுக்குப் பள்ளி திறந்தனர். அங்கே சாணியும் கல்லும் வீசிக் கல்வியைத் தடுத்தார்கள். ஜார்ஜியாவிலோ சட்டமே தடுத்தது. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது அம்மாநிலத்தில் குற்றமாக இருந்தது.

சுமார் ஏழு வயதில் சூசி சவானா நகரில் வாழ்ந்த பாட்டியிடம் அனுப்பப்பட்டார். அந்நகரில் உட்ஹவுஸ் என்ற கறுப்பின விதவை தம் வீட்டில் இரகசியமாகப் பள்ளி நடத்திவந்தார். இருபத்தைந்து, முப்பது பிள்ளைகள் அங்கே படித்தனர். புத்தகங்களைத் தாளில் சுற்றி மறைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக இடைவெளி விட்டு உள்ளே நுழைவார்கள். பிள்ளைகள் கைத்தொழில் பழக வருவதாக அக்கம்பக்கத்தார் நினைத்துக்கொண்டனர். இரவு நேரத்தில் கறுப்பினத்தவர் வெளியே நடமாட வெள்ளையரின் அனுமதிச் சீட்டு தேவைப்பட்ட காலம் அது. எழுதக் கற்ற சிறுமி, பாட்டிக்கான அனுமதிச் சீட்டைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். கல்வி அவளுக்குத் தந்த முதல் விடுதலை அதுவே.

1862 ஏப்ரலில் வடக்கு மாநிலங்களின் படை சவானாவுக்கு அருகிலிருந்த புலாஸ்கி கோட்டையைக் கைப்பற்றியது. சூசி தம் மாமாவின் குடும்பத்தோடு தப்பி, அப்படையின் வசமிருந்த செயின்ட் சைமன்ஸ் தீவை அடைந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று அறிந்த அதிகாரிகள் ஒரு பள்ளியை அவரிடம் ஒப்படைத்தனர். வடக்கிலிருந்து புத்தகங்கள் வந்தன. பதினான்கு வயதை எட்டும் பருவத்தில் அவர் பகலில் சுமார் நாற்பது பிள்ளைகளுக்கும் இரவில் பெரியவர்களுக்கும் பாடம் சொன்னார்.

அவ்வாண்டு இறுதியில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஆண்களைக் கொண்டு தெற்குக் கரோலைனா முதல் தன்னார்வப் படைப்பிரிவு உருவாக்கப்பட்டது. அதில் சார்ஜண்டாக இருந்த எட்வர்ட் கிங்கை சூசி மணந்தார். படையில் அவர் சலவையாளராகச் சேர்க்கப்பட்டார். செய்த வேலையோ வேறு. காயம்பட்டோருக்குக் கட்டுப்போட்டார், காய்ச்சலில் கிடந்தோரின் அருகில் இரவெல்லாம் விழித்திருந்தார். அம்மை கண்ட வீரர் ஒருவரை மற்றவர்கள் நெருங்க அஞ்சியபோது இவர் தாமே சென்று பார்த்துக்கொண்டார். நோயாளிகளுக்கு ஏற்ற உணவு கிடைக்காத நாளில் ஆமை முட்டையையும் டப்பாப் பாலையும் கலந்து கஸ்டர்டு செய்து ஊட்டினார். ஓய்ந்த நேரத்தில் வீரர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். துப்பாக்கிகளைத் துடைத்து வைத்தார், சுடவும் அறிந்திருந்தார். 1863இல் புகழ்பெற்ற செவிலியர் கிளாரா பார்ட்டனை பியூஃபோர்ட் மருத்துவமனையில் சந்தித்தார்.

வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர் ஊதியம். கறுப்பின வீரருக்கு 10 டாலர். அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். அந்தக் குறைந்த ஊதியத்தை வாங்க மறுத்து அப்படைப்பிரிவு பதினெட்டு மாதம் ஊதியமின்றியே போரிட்டது. 1864இல்தான் சம ஊதியம் ஏற்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்த சூசிக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கப்படவில்லை.

1866 தொடக்கத்தில் படைப்பிரிவு கலைக்கப்பட்டது. சூசி சவானாவில் தம் வீட்டிலேயே பள்ளி தொடங்கினார். மாணவருக்கு மாதக் கட்டணம் ஒரு டாலர். தேர்ந்த தச்சரான கணவருக்குக் கறுப்பர் என்பதால் அத்தொழிலில் வேலை கிடைக்கவில்லை. கப்பலில் சரக்கு இறக்கும் வேலைக்குச் சென்ற அவர் அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார். அப்போது சூசி கருவுற்றிருந்தார். நகரில் இலவசப் பள்ளி வந்ததும் மாணவர்கள் அங்கே போயினர். மூன்று முறை பள்ளி நடத்திய ஆசிரியர் வீட்டு வேலைக்குச் செல்ல நேர்ந்தது. 1870களில் பாஸ்டன் நகரில் குடியேறினார். 1879இல் ரஸ்ஸல் டெய்லரை மறுமணம் செய்துகொண்டார். முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் மகளிர் சங்கத்தின் கிளை ஒன்றை அமைப்பதில் பங்கேற்று, 1893இல் அதன் தலைவரானார்.

1892ஆம் ஆண்டுச் சட்டம் இராணுவச் செவிலியருக்கு மாதம் 12 டாலர் ஓய்வூதியம் வழங்கியது. சலவையாளராகப் பதியப்பட்டிருந்த சூசிக்கு அது கிடைக்கவில்லை. 1898இல் அவருடைய மகன் லூசியானாவில் நோயுற்றார். அவரை பாஸ்டனுக்கு அழைத்துவர இரயிலில் படுக்கை கேட்டபோது கறுப்பர் என்பதால் மறுக்கப்பட்டது. எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளைக் காப்பாற்றிய செவிலியரின் மகன் அந்த ஊரிலேயே உயிர்விட்டார்.

1902இல் தம் பாசறை வாழ்வின் நினைவுகளை அவர் நூலாக வெளியிட்டார். அப்போரின் பாசறை அனுபவத்தைக் கறுப்பினப் பெண் ஒருவர் எழுதியதாக நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே நூல் அதுதான். நாடு தம் மக்களுக்குச் செய்த துரோகத்தையும் தெற்கில் தொடர்ந்த படுகொலைகளையும் அதில் அவர் மறைக்காமல் எழுதினார். 1912 அக்டோபரில் காலமானார். பாஸ்டனில் அவரது கல்லறைக்கு 2021இல்தான் பெயர் பொறித்த கல் நடப்பட்டது. சவானாவில் அடிமை முறையை ஆதரித்த அரசியல்வாதி கால்ஹூனின் பெயரைச் சுமந்த சதுக்கத்துக்கு, 2023இல் நகர மன்றம் சூசியின் பெயரைச் சூட்டியது.

இந்த வாழ்க்கைக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. 1873இல் ஜோதிராவ் புலே தம் அடிமைத்தனம் பற்றிய நூலை, அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கரின் தந்தை இராம்ஜி படைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். தீண்டாமைக்கு உள்ளான ஒரு குடும்பத்தில் எழுத்து நுழைந்த வாயில்களுள் படைப்பள்ளியும் ஒன்று.

அதைவிட நெருங்கிய உறவு நம் மருத்துவமனைகளில் இருக்கிறது. ஒப்பந்த முறையில் எடுக்கப்படும் பல்நோக்குப் பணியாளர்கள் தரையைத் துடைக்கிறார்கள். நோயாளியைத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்குகிறார்கள். துணையற்றவருக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். பதிவேட்டில் அவர்கள் யார் என்பதைப் பொறுத்தே ஊதியமும் விடுப்பும் ஓய்வூதியமும் அமைகின்றன. ஒருவர் செய்யும் வேலைக்கு எந்தப் பெயரை எழுதுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் சாதிக்கும் நிறத்துக்கும் வெளியே நின்றதில்லை.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் மாலை வகுப்பு நடத்தும் மாணவர்கள் சூசியிடமிருந்து ஒன்றைக் கற்கலாம். தம் தாய்மாரும் பாட்டிமாரும் உண்மையில் என்னென்ன வேலை செய்தார்கள் என்று கேட்டு எழுதி வைப்பது அவர்களால் இன்றே முடியும். பதிவேடு அதைச் செய்யாது.