ஹார்வர்டில் சீட் கிடைத்தது, பாட்டுக் குழுவில் கிடைக்கவில்லை: டு பாய்ஸின் கல்லூரி நாட்கள்

1888-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தபோது டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்கு வயது 20. கையில் ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தது. டென்னசி மாநிலம் நாஷ்வில்லில், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனா ஹார்வர்ட் அதை முழுப் பட்டமாக ஏற்கவில்லை. மூன்றாம் ஆண்டில் சேர்த்து, இன்னொரு பி.ஏ. படிக்கச் சொன்னது. சரி என்று சேர்ந்துவிட்டார்.

பிறந்தது 1868-ல், மாசசூசெட்ஸின் கிரேட் பேரிங்டன் என்ற சின்ன ஊர். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது மூன்றே வருடம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். வீட்டு வேலை செய்து வளர்த்த அம்மா, இவர் பள்ளி முடித்த கொஞ்ச நாளில் இறந்துபோனார். ஃபிஸ்க் போகச் செலவுக்குக் கைகொடுத்தது தேவாலயங்கள் திரட்டிய பணம்தான். ஹார்வர்டில் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. ஆனாலும் சேருவதற்கு முந்தைய கோடையில் மின்னசோட்டாவில் ஒரு ஏரிக்கரை ஹோட்டலில் எடுபிடி வேலை பார்க்க வேண்டியிருந்தது.

ஹார்வர்ட் வளாகத்தில் தங்க அவர் முயற்சிக்கவே இல்லை. கேம்பிரிட்ஜில் ஃப்ளாக் தெருவில், ஒரு கறுப்பினப் பெண்ணின் வீட்டில் ரூம் எடுத்தார். வெள்ளை மாணவர்களின் நட்பைத் தேடிப் போவதில்லை என்பது தென் மாநிலத்தில் இருந்தபோதே அவர் எடுத்த முடிவு. ஒரே ஒருமுறை கொஞ்சம் தளர்ந்தார் போல. நல்லாப் பாடுவார் என்பதால் ஹார்வர்டின் பாட்டுக் குழுவுக்குப் போய்ப் பாடிக் காட்டினார். எடுக்கவில்லை. கறுப்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நிகழ்ச்சிக்குப் போக முடியாது என்பதே காரணம் என்று புரிந்துகொண்டார்.

வகுப்பறைக்குள் கதையே வேறு. தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் அவரைத் தன் வீட்டுக்கே அழைப்பார். ஜார்ஜ் சாந்தயானாவோடு உட்கார்ந்து காண்ட்டின் தத்துவத்தைப் படித்தார். வரலாற்றுப் பேராசிரியர் ஆல்பர்ட் புஷ்னெல் ஹார்ட் கடைசிவரை துணையாக நின்றார். தத்துவத்தை நம்பிப் பிழைக்க முடியாது என்று எச்சரித்தவரும் ஜேம்ஸ்தான். டு பாய்ஸ் வரலாறு பக்கம் திரும்பியதில் அந்த அறிவுரைக்கும் பங்கு உண்டு. எல்லாப் பாடத்திலும் கெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலக் கட்டுரையில் கோபத்தைக் கொட்டி எழுதி, ஃபெயில் மார்க் வாங்கியிருக்கிறார். கோபம் சரிதான், ஆனா எழுதத் தெரியணும் என்று புரிந்ததும், அடுத்து மேல்நிலை எழுத்துப் பயிற்சி வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

பொழுதுபோக்குக்கு பாஸ்டன். அங்கிருந்த கறுப்பினக் குடும்பங்கள்தான் அவருடைய சமூகம். ஒரு கறுப்பர் தேவாலயத்தில் கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸின் நாடகத்தை மேடையேற்றினார் என்றால் பாருங்களேன்!

1890-ல் பட்டமளிப்பு விழா. பேசத் தேர்வான மாணவர்கள் ஆறு பேர். முதலில் அந்தப் பட்டியலில் இரண்டு கறுப்பர்கள் இருந்தார்கள்: டு பாய்ஸும் அவருடைய நண்பர் கிளமென்ட் மார்கனும். சக மாணவர்களே வகுப்புப் பேச்சாளராகத் தேர்ந்தெடுத்தவர் மார்கன். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் அவருக்கு முதல் பரிசு, டு பாய்ஸுக்கு இரண்டாம் பரிசு. ஆனா இரண்டு பேர் அதிகம் என்று முடிவாகி, மார்கனை எடுத்துவிட்டு ஒரு வெள்ளை மாணவரைப் போட்டதாக டு பாய்ஸ் பின்னாளில் எழுதினார். ஜெயித்தவர் கீழே, இரண்டாவதாக வந்தவர் மேடையில்.

அந்த மேடையில் அவர் எடுத்த தலைப்பைப் பாருங்கள்: ஜெஃபர்சன் டேவிஸ். அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவர். செத்து ஆறு மாதம் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். டு பாய்ஸ் அவரைத் திட்டவில்லை. தைரியசாலி என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பலசாலி பலவீனனை மிதித்து முன்னேறுவதையே பெருமையாக நினைக்கும் நாகரிகத்தின் மாதிரி அவர் என்று சொன்னார். பத்திரிகைகள் பாராட்டி எழுதின.

அடுத்த ஆசை ஜெர்மனி. அந்தக் காலத்தில் ஆராய்ச்சி என்றால் பெர்லின். அந்தச் சமயத்தில் முன்னாள் அதிபர் ரூதர்ஃபோர்ட் ஹேய்ஸ் பேசியது பத்திரிகையில் வந்தது. கறுப்பர் கல்விக்கான ஸ்லேட்டர் நிதியின் தலைவர் அவர். தகுதியான கறுப்பின இளைஞன் கிடைத்தால் ஐரோப்பாவுக்கு அனுப்பத் தயார், அப்படி யாரும் கிடைக்கவில்லை என்பது அந்தப் பேச்சின் சாரம். இதோ நான் இருக்கிறேன் என்று டு பாய்ஸ் விண்ணப்பித்தார். அப்படி ஒரு திட்டமே இல்லை என்று பதில். விடுவாரா? செய்தியைப் படித்த ஊரெல்லாம், கறுப்பர்களில் தகுதியானவரே இல்லை என்று நம்பியிருக்குமே, அந்த அவமானத்துக்கு யார் பொறுப்பு என்று முன்னாள் அதிபருக்கே கடிதம் எழுதினார். பேராசிரியர்களின் சிபாரிசுகளும் போய்க்கொண்டே இருந்தன. 1892-ல் 750 டாலர் வந்தது. பாதி உதவித்தொகை, பாதி கடன்.

பெர்லினில் இரண்டு வருடம். டாக்டர் பட்டத்துக்கு இன்னும் கொஞ்சக் காலம் அங்கே படித்தாக வேண்டும் என்ற நிலையில், நிதியை நீட்டிக்க ஸ்லேட்டர் நிதி மறுத்துவிட்டது. 1894-ல் ஊர் திரும்பினார். மறு வருடம் ஹார்வர்ட் அவருக்கு பிஎச்.டி. கொடுத்தது. அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான். ஆப்பிரிக்க அடிமை வணிகம் ஒடுக்கப்பட்ட வரலாறு பற்றிய அந்த ஆய்வு, 1896-ல் ஹார்வர்டின் வரலாற்று நூல் வரிசையில் முதல் புத்தகமாக வெளிவந்தது.

கறுப்பர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு, அதன் பத்திரிகையில் ஆசிரியர் வேலை எல்லாம் அதற்குப் பிறகு. 1963-ல் கானாவில் இறந்தார். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 90 வயதில், பெர்லினின் அதே பல்கலைக்கழகம் அவரை அழைத்து கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.